ஆல்பம்: ஒரு பாட்டா, ஒரு கோவையா?

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் டீக்கடையில் நின்றிருந்தேன். கானா பாடுகிற பையன் ஒருவன் போனை நீட்டினான்.

"நம்ம ஆல்பம் வந்துடுச்சுணா, பாத்தியா?"

"எத்தினி பாட்டுப்பா?"

என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ஆல்பம்ணா. ஒரு பாட்டுதான்."

அவன் பேச்சுப்படி அதில் தப்பில்லை. வட சென்னையில் இன்று ஆல்பம் என்றால் சினிமாவில் வராத பாட்டு, கூடவே ஒரு வீடியோ. பெயரெடுத்த பாடகர் ஒருவர் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, பத்துப் பன்னிரண்டு பாட்டுகளைச் சேர்த்து வெளியிட்டால் அதைப் பத்திரிகைகள் 'ஸ்டூடியோ ஆல்பம்' என்று எழுதும். அந்தச் சொல்லை எங்கள் தெருவில் சொன்னால் எல்லாருக்கும் கல்யாண போட்டோ ஞாபகம்தான் வரும். "கரிஷ்மாவா, சாதாவா?" என்று போட்டோ ஆல்பத்தின் ரகம் கேட்பார்கள். முதல் எழுத்தைக் குறுக்கிச் சொன்னாலோ வம்பு. அல்பம் என்று யாரைச் சொல்வோம் என்பது உங்களுக்கே தெரியும்.

லத்தீனில் 'ஆல்பஸ்' என்றால் வெள்ளை. பழைய ரோமில் பலகையை வெள்ளையடித்து, அதில் அறிவிப்புகளை எழுதிப் பொது இடத்தில் வைப்பார்கள். அந்தப் பலகைக்குத்தான் ஆல்பம் என்று பெயர். அந்த ஆண்டு ஊரில் நடந்தது, நீதி அதிகாரியின் ஆணை, செனட் உறுப்பினர் பட்டியல் எல்லாம் இப்படித்தான் மக்கள் கண்ணில் பட்டன. நம் ரேஷன் கடைக் கரும்பலகை செய்கிற வேலைதான், நிறம் மட்டும் வேறு. முட்டை வெள்ளைக்கருவில் இருக்கிற ஆல்புமினுக்கும் இதே வேர். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்கரு பூசிய தாளில்தான் போட்டோ அச்சிட்டார்கள். அதை ஒட்டிவைத்த புத்தகம் ஆல்பம். ஆக, அட்டையிலும் அதே சொல், உள்ளே ஒட்டிய படத்திலும் அதே சொல்.

நடுவில் ஒரு சுற்று உண்டு. 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மாணவர்கள் வெற்றுத்தாள் ஏடு ஒன்றைக் கையோடு வைத்துக்கொண்டு, நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் இரண்டு வரி எழுதி வாங்கினார்கள். பள்ளிக்கூடக் கடைசி நாளில் நாம் நீட்டிய ஆட்டோகிராஃப் நோட்டுக்கு அது பாட்டன். பிறகு அந்த ஏட்டுக்குள் தபால்தலை வந்தது, போட்டோ வந்தது.

பாட்டு இதற்குள் நுழைந்த கதைதான் எனக்குப் பிடித்தது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய இசைத்தட்டு, பெரியவர்கள் வாயில் 'பிளேட்டு', ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் பாடும். நீளமான இசை என்றால் பல தட்டுகளாக உடைத்தாக வேண்டும். 1909இல் ஓடியான் நிறுவனம் ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் இசை ஒன்றை நான்கு தட்டுகளாகச் சேர்த்து விற்றது. இப்படிப்பட்ட தட்டுகள் சிதறாமல் இருக்க, உறைகளை வரிசையாகச் சேர்த்துத் தைத்துக் கெட்டி அட்டை போட்டார்கள். பார்க்க அச்சு அசல் போட்டோ ஆல்பம். பெயரும் அதுவே ஆகிவிட்டது. 1948இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ சுற்று நெடுந்தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பாடும் தட்டு அது. எல்லாப் பாட்டும் ஒரே தட்டில் அடங்கியதும் புத்தகம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. 1968இல் பீட்டில்ஸ் குழு வெறும் வெள்ளை உறையில் ஒன்றை வெளியிட, ரசிகர்கள் அதை 'வெள்ளை ஆல்பம்' என்றார்கள். வேரைப் பார்த்தால் வெள்ளை வெள்ளை. நடுசென்டர் என்று நாம் சொல்வது போலத்தான்.

சரி, பல பாட்டு நம் ஊரில் எப்படி ஒரு பாட்டானது? இங்கே பாட்டு என்றாலே படப் பாட்டுதான். கேசட் கடையில் படத்தின் பெயரைச் சொல்லித்தான் கேட்போம், ஆல்பம் என்று யாரும் கேட்டதில்லை. படத்தைச் சேராத பாட்டுகள் கேசட்டாக வந்தபோது அவற்றுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, ஆல்பம் அங்கே போய் உட்கார்ந்தது. அதனால் நம் காதில் அது 'தொகுதி' என்பதைவிட 'சினிமா இல்லை' என்பதாகவே பதிந்தது. அப்புறம் கேசட் போய், பாட்டு ஒவ்வொன்றாக யூடியூபில் ஏறத் தொடங்கியது. எண்ணிக்கை கழன்று விழுந்தது, 'சினிமா இல்லை' மட்டும் மிச்சம்.

இப்போது தமிழுக்கு வருவோம். வழக்கமாகச் சொல்வது 'இசைத்தொகுப்பு'. தவறில்லை, ஆனால் எனக்கு முழு சம்மதமும் இல்லை. தொகுப்பது என்றால் ஏற்கெனவே இருப்பதைச் சேர்ப்பது. பழைய ஹிட்டுகளில் இருபதைப் பொறுக்கி வெளியிட்டால் அது தொகுப்பு. போட்டோவுக்கு இதே வழியில் போனால் 'படத்தொகுப்பு' என்று வரும், அது சினிமா எடிட்டிங் ஆகிவிடும். காசிமேட்டில் கலவை மீனைக் கூறு கட்டி வைப்பதும் ஒரு தொகுப்புதான். ஒரே ஆள், ஒரே மூச்சில், எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று யோசித்துச் செய்வதற்கு வேறு சொல் வேண்டும்.

அந்தச் சொல் நம்மிடம் பழையதாகவே இருக்கிறது: கோவை. கோத்தல் என்பதிலிருந்து வந்தது. ஊசியில் பூவைக் கோப்பதும் அதே வினை, அலுவலகக் கோப்பும் அதே வேர். ஆசாரக்கோவை, திருக்கோவையார் எல்லாம் ஒருவரே பாடி வரிசையாகக் கோத்தவை. 'இசைக்கோவை' என்றால் இசைக்கோர்ப்போடு குழம்பும். அதனால் 'பாட்டுக்கோவை' என்பேன். ஊர்ப்பெயர் ஞாபகம் வந்தால் வரட்டும்.

எங்கள் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. திருவொற்றியூர் வடிவுடையம்மன் மேல் வள்ளலார் பாடியது வடிவுடை மாணிக்க மாலை. மாலையும் கோத்ததுதானே. அதே அம்மன் மேல் தியாகராஜர் தெலுங்கில் ஐந்து கீர்த்தனை செய்தார், திருவொற்றியூர் பஞ்சரத்தினம் என்பார்கள். ஒரே ஊர், ஒரே அம்மன், ஐந்து பாட்டு: இன்றைக்கு வந்திருந்தால் ஆல்பம் என்றுதான் விளம்பரம் செய்திருப்பார்கள். சொல்லும் மெட்டும் தானே செய்கிறவரைக் கர்நாடக இசையில் வாக்கேயக்காரர் என்பார்கள். கானா கட்டுகிறவரும் அந்த வேலையைத்தான் செய்கிறார், அவரை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்பது வேறு விஷயம். அண்மைக்கால உதாரணம் வேண்டுமென்றால், 2019இல் ராப் பாடகர் அறிவு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து வெளியிட்ட 'தெருக்குறள்' ஒரு பாட்டுக்கோவை.

'ஸ்டூடியோ'வுக்கு ஒலிப்பதிவுக் கூடம் என்ற சொல் இருக்கிறது. அதைக் கோவையோடு ஒட்டத் தேவையில்லை. மேடையில் பாடியதைப் பதிந்து விற்றால் மட்டும் 'மேடைப் பாட்டுக்கோவை' என்று பிரித்துச் சொன்னால் போதும்.

மிச்சம் அந்த ஒற்றைப் பாட்டு. 'தனிப்பாட்டு' என்றால் முடிந்தது, தனிப்பாடல் நமக்குப் புதிதில்லை. அணி இலக்கண நூலான தண்டியலங்காரம், தனியே நின்று பொருள் முடியும் செய்யுளை முத்தகம் என்றே பிரித்து வைத்திருக்கிறது.

இதையெல்லாம் டீ ஆறுகிற வரைக்கும் பையனிடம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டான்.

"கரெக்டுணா," என்றான். "அடுத்த மாசம் இன்னொரு ஆல்பம் வருது. ஷேர் பண்ணிடு."