வொகேஷன்: தொழிலா, துறவறமா, அழைப்பா?

'வொகேஷன்' (vocation) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். வேலைக்குத் தயாராகும் இளைஞருக்கு அது தொழிற்பயிற்சி. கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில், பிள்ளை குருமடத்துக்கோ கன்னியர் மடத்துக்கோ போகப்போகிறது என்ற செய்தி. வாழ்க்கையில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் குழம்பி நிற்கும் ஒரு சாதாரண கிறிஸ்தவருக்கு இந்தச் சொல்லில் இடமே இல்லாததுபோல் தோன்றும். உண்மையில் சொல் பிறந்ததே அவருக்காகவும்தான்.

இலத்தீனில் 'வோகாரே' என்றால் கூப்பிடுவது. அதிலிருந்து வந்தது 'வொகாத்சியோ', அழைப்பு. இலக்கணத்தில் 'வொகேடிவ்' என்கிறார்களே, அதுவும் இதே வேர்தான். நமக்கு அது விளி வேற்றுமை, ஒருவரை நேரே கூப்பிடும் வடிவம்; தொல்காப்பியம் அதற்கென்று 'விளிமரபு' என ஓர் இயலே வைத்திருக்கிறது. ஆக, வேருக்கு வேர் பார்த்தால் வொகேஷன் என்பது 'விளி'. மலையாளக் கிறிஸ்தவர்கள் இன்றும் 'தெய்வவிளி' என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் அந்தச் சொல் இலக்கணப் புத்தகத்துக்குள் ஒதுங்கிவிட்டது. 'அழை' முன்னுக்கு வந்துவிட்டது.

அதனால் நமக்கு நட்டம் இல்லை என்பது என் கணிப்பு. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் 'கலேயோ'. அதற்குக் கூப்பிடுவது, விருந்துக்கு வரச் சொல்வது, பெயரிடுவது என்று மூன்று பொருள் உண்டு. 'அழை' மூன்றையும் தாங்கும். கலியாண விருந்து உவமையின் முடிவில் "அநேகர் அழைக்கப்பட்டவர்கள்" என்று இயேசு சொல்லும்போது அது விருந்தழைப்பு. "உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன், நீ என்னுடையவன்" என்ற ஏசாயா 43:1 எபிரெயத்திலிருந்து வருவது, அங்கும் அதே தமிழ்ச் சொல் பெயரையும் உரிமையையும் சேர்த்துச் சொல்கிறது. சபையைக் குறிக்கும் 'எக்லேசியா'வும் இந்தக் கலேயோவின் உறவுதான்.

அப்புறம் எப்படி இது துறவிகளுக்கு மட்டும் உரிய சொல்லானது? இடைக்கால ஐரோப்பாவில் கடவுளின் அழைப்பு பெற்றவர் என்றாலே குரு அல்லது துறவி என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. 16ஆம் நூற்றாண்டில் திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் இதை மறுத்தார். செருப்புத் தைப்பவரும் பிள்ளை வளர்க்கும் தாயும்கூடத் தங்கள் வேலையிலேயே அழைப்பைப் பெற்றவர்கள் என்பது அவர் வாதம். ஜெர்மன் மொழியில் 'ரூஃபன்' என்றால் கூப்பிடுவது, 'பெரூஃப்' என்றால் அழைப்பு. இன்று ஜெர்மானியரிடம் பெரூஃப் என்ன என்று கேட்டால் உத்தியோகத்தைத்தான் சொல்வார். கூப்பிட்டவர் மறைந்து வேலை மட்டும் மிஞ்சிவிட்டது. ஆங்கிலத்திலும் அதே கதை; தமிழில் 'வொகேஷனல்' என்பது 'தொழிற்' என்று ஆனது அந்தப் பாதி அர்த்தத்தால்தான். தொழிற்கல்வி என்று எழுதுவதில் தவறில்லை. ஆனால் ஒரு விசுவாசியின் வொகேஷனைத் 'தொழில்' என்று பெயர்த்தால் சொல்லின் உயிர் போய்விடும்.

'வாழ்வின் நோக்கம்' என்று எழுதலாமே என்பார்கள். எழுதலாம், ஆனால் அது வேறு சரக்கு. நோக்கம் 'நோக்கு' என்பதிலிருந்து வருவது. பார்ப்பவர் நான், இலக்கைக் குறிப்பவரும் நான். அழைப்புக்கோ, அழைக்க வேறொருவர் வேண்டும். ரோமர் 8:28 இரண்டையும் ஒரே தொடரில் வைக்கிறது: "அவருடைய தீர்மானத்தின்படி அழைக்கப்பட்டவர்கள்." இங்கே 'தீர்மானம்' என்பதுதான் ஆங்கிலத்தின் 'பர்ப்பஸ்', அதாவது நோக்கம். அது கடவுளுடையது. நமக்கு வந்து சேர்வது அழைப்பு. என் வாழ்வின் நோக்கத்தை நானே கண்டுபிடித்தாக வேண்டும் என்று தலையைப் பிய்த்துக்கொள்பவருக்கு இந்த இலக்கணம் கொஞ்சம் மூச்சுவிட இடம் தரும். ஆபிரகாமுக்கு வரைபடம் கிடைக்கவில்லை. அழைக்கப்பட்டபோது "தான் போகும் இடம் இன்னதென்று அறியாமல் புறப்பட்டுப்போனான்" என்கிறது எபிரெயர் 11:8.

சரி, தமிழில் எப்படி எழுதுவது? கத்தோலிக்கர் வழக்கில் 'இறையழைத்தல்'. 1964 முதல் இறையழைத்தலுக்காக வேண்டும் நாள் ஒன்று அவர்களுக்கு உண்டு; இப்போது அது பாஸ்கா (ஈஸ்டர்) காலத்தின் நான்காம் ஞாயிறு. சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபைகளில் 'தேவ அழைப்பு' என்பார்கள். முழுநேரப் பணி என்றால் 'ஊழிய அழைப்பு'. இந்த இரண்டையும் குழப்பக் கூடாது. ஊழிய அழைப்பு சிலருக்கு. "அவனவன் தான் அழைக்கப்பட்ட நிலைமையிலே நிலைத்திருக்கக்கடவன்" என்று பவுல் எழுதியது எல்லாருக்கும், அடிமையாயிருந்தவருக்கும் சேர்த்து. தனியாக நிற்கும்போது 'அழைப்பு' என்பது திருமணப் பத்திரிகையையும் தொலைபேசியையும் நினைவூட்டும். அதனால் பொது வாசகருக்கு எழுதும்போது 'இறையழைப்பு' என்று சேர்த்து எழுதுவது தெளிவு.

இன்னொன்று. சாமுவேல் ஆலயத்தில் சிறுவனாக இருந்தபோது கடவுள் அவனை அழைத்ததைச் சொல்லும் இடத்தில் நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பு 'அழைத்தார்' என்றுகூடச் சொல்லவில்லை, 'கூப்பிட்டார்' என்கிறது. வீட்டில் புழங்கும் சொல். அந்தப் பிள்ளையும் ஆசாரியர் ஏலி கூப்பிட்டதாக நினைத்துத்தான் மூன்று முறையும் அவரிடம் ஓடினான். கூப்பிட்டது யார் என்பது மூன்றாம் முறைதான் புரிந்தது. அதுவும் அவனுக்கு அல்ல, கண் மங்கிப்போயிருந்த ஏலிக்கு.