மறதி இல்லை, மந்தம்தான் என்று விட்டுவிடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் என்னிடம் வருகிற பிள்ளைகள் பலரும் சொல்வது இதுதான்: "அம்மாவுக்கு ஞாபகமெல்லாம் நல்லா இருக்கு டாக்டர், வயசாச்சு, கொஞ்சம் மந்தமாயிட்டாங்க." மூளையின் ஆழத்தில் ஓடுகிற மெல்லிய ரத்தக்குழாய்கள் பல வருஷத்துப் பிரஷராலும் சுகராலும் தடித்துக் குறுகும்போது, ஆரம்பத்தில் மறதியைவிட மந்தம்தான் அதிகம் தெரியும். பேரப்பிள்ளைகள் பெயர் தப்பாது, பழைய கதையும் தப்பாது. ஆனால் நாற்பது வருஷமாகக் குழம்பு வைத்தவர் அடுத்து எதைப் போடுவது என்று தெரியாமல் அடுப்படியில் நிற்பார், கேட்டதற்குப் பதில் வர நேரமாகும், பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பார். இதை வயசுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது.

உடம்பின் எடையில் 2 சதவீதம்தான் மூளை, ஆனால் நாம் சும்மா இருக்கும்போது செலவாகும் ஆக்சிஜனில் சுமார் 20 சதவீதம் அதற்கே போகிறது. ரத்தம் கிடைக்காமல் செத்த பகுதி திரும்ப வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், அதற்கு முதல் வேலை பிரஷரைக் கட்டுக்குள் வைப்பது. 2019-இல் வெளியான ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வில், மேல் அளவை 140-க்குக் கீழே வைக்க மருந்து எடுத்தவர்களைவிட 120-க்குக் கீழே கொண்டுவர எடுத்தவர்களிடம் லேசான அறிவாற்றல் குறைபாடு சுமார் 19 சதவீதம் குறைவாக இருந்தது. அதற்காக எல்லாருக்கும் 120 என்று கிளம்பிவிடாதீர்கள், சுகர் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. எழுந்ததும் தலைசுற்றுகிற பெரியவர்களுக்கு பிரஷர் ரொம்ப இறங்கினாலும் மூளைக்கு ரத்தம் குறையும். உட்கார்ந்து ஒருமுறை, நின்று ஒருமுறை அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எனக்குப் பெரிய வருத்தம், நல்ல நம்பர் வந்ததும் மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போதுதான். கிளினிக்கில் கொடுத்த பாக்கெட்டைப் பிரிக்காமலே கொண்டுவந்து மேஜையில் வைத்து, "இப்ப நார்மல்தானே டாக்டர், எதுக்கு இது?" என்று ஒரு ஆன்ட்டி கேட்டார். மாத்திரை போட்டதால்தான் நார்மல், ஆன்ட்டி! தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்களும் நீங்களாக நிறுத்தாதீர்கள், முன்கூட்டியே கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

பிரஷரைக் கட்டுக்குள் வைக்க உப்பையும் குறைக்க வேண்டும். இந்த நாட்டில் 2016 முதல் ரொட்டி உட்படப் பல உணவுகளில் உப்புக்குச் சட்டப்படி வரம்பு உண்டு. வீட்டு ஊறுகாயில் நாம்தான் குறைக்க வேண்டும். சிகரெட்டை விட்டே ஆக வேண்டும்.

அப்புறம், வாய் கோணி, ஒரு கை பலமிழந்து, பேச்சு குழறி, பத்து நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டாலும் "கொஞ்சம் படுங்க, சரியாயிடும்" என்று தூங்க வைக்காதீர்கள். அது பக்கவாதத்தின் அறிகுறி, அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதனால் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்து வையுங்கள், அங்கே அதைத்தான் முதலில் கேட்பார்கள்.