இரும்பு மாத்திரை வேலை செய்ய ஏன் மாதக்கணக்கில் ஆகிறது?

பீடோர் டவுனில் விடிவதற்கு முன்பே ஒட்டுக்கடைகளில் தே தாரிக் நுரைக்கத் தொடங்கிவிடும். செம்பனைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் அக்காமார் அதைக் குடித்துப் பசியாறுகிறார்கள். இரத்தச்சோகை என்று கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையையும் பலர் அந்தத் தேநீரோடுதான் விழுங்குகிறார்கள். மாத்திரை வீணாவது அங்கேதான் தொடங்குகிறது.

தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பாலிபீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்ட இரும்பைக் குடலால் ஈர்க்க முடியாது, அது மலத்தோடு போய்விடும். பாலில் உள்ள கால்சியமும் தன் பங்குக்கு ஈர்ப்பைக் குறைக்கும். அதனால் மாத்திரையை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு போட்டுக்கொண்டு, தேநீருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் இடைவெளி விடுவது நல்லது. பீடோர் கொய்யாவில் ஏராளமாக இருக்கும் வைட்டமின் சி, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடலில் சேர நன்றாக உதவும். மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் எளிதில் ஈர்க்கப்படும் ஃபெரஸ் வகை இரும்பு. அதற்காகத் தனியாக வைட்டமின் சி மாத்திரை வாங்கிக் காசைச் செலவழிக்க வேண்டியதில்லை.

சரி, ஒன்று போட்டால் நல்லது என்றால் மூன்று போட்டால் சீக்கிரம் குணமாகுமா? ஆகாது. உடலுக்கு, மிஞ்சிய இரும்பை வெளியேற்றும் வழி கிடையாது. ஆகவே உள்ளே வருவதைத்தான் அது கட்டுப்படுத்துகிறது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன், தோட்டத்துக் கேட்டில் காவல் நிற்கும் ஜாகா மாதிரி. ஒரு மாத்திரை உள்ளே போனதும் ஹெப்சிடின் அளவு ஏறும். குடல் செல்களிலிருந்து இரத்தத்துக்குள் இரும்பு செல்லும் வழி ஏறத்தாழ ஒரு நாள் வரை குறுகிவிடும். அன்று மாலையே போடும் இரண்டாவது மாத்திரையிலிருந்து கிடைப்பது குறைவு. மிச்சம் குடலிலேயே தங்கி, குமட்டலையும் மலச்சிக்கலையும் கூட்டும். இரும்புக் குறைவுள்ள இளம்பெண்களிடம் சூரிக்கில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை போட்டவர்கள் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிக இரும்பை ஈர்த்தார்கள். இப்போது பல மருத்துவர்கள் இந்த முறையைப் பரிந்துரைக்கிறார்கள். மாத்திரை வயிற்றைப் படுத்துகிறது என்றால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கிளினிக் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) சொல்லுங்கள். கர்ப்பிணிகளும் கேட்காமல் அளவை மாற்றக் கூடாது.

வழக்கமான 200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட் மாத்திரையில் உண்மையான இரும்பு சுமார் 65 மில்லிகிராம்தான். அதிலும் சிறு பகுதியே இரத்தத்தில் சேர்கிறது. எலும்பு மஜ்ஜை அதை வைத்துப் புதிய சிவப்பணுக்களைச் செய்ய வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் இளம் சிவப்பணுக்கள் கூடத் தொடங்கும். மூன்று, நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 2 கிராம் அளவுக்கு ஏறலாம். அப்போது மயக்கமும் மூச்சுவாங்கலும் குறையும். "எனக்குச் சரியாயிடுச்சு" என்று பலர் மாத்திரையை நிறுத்துவது அப்போதுதான். எனக்கு மிகவும் கவலை தருவது இதுவே. ஏறியது ஹீமோகுளோபின் மட்டும். ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் உடல் சேமித்து வைக்கும் இரும்பு இன்னும் காலியாகத்தான் இருக்கும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடரச் சொல்வது அந்தச் சேமிப்பை நிரப்பத்தான்.

மலம் கறுப்பாவது ஈர்க்கப்படாத இரும்பால், பயப்பட வேண்டாம். ஆனால் மாத்திரைப் புட்டியைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துச் சின்னப் பிள்ளை சிலவற்றை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறவில்லையென்றால், இரத்தம் எங்கோ கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பெண்களுக்கு மாதவிலக்கில் அதிகப் போக்கு இருக்கலாம். ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் இரத்தச்சோகை வந்தால், வயிற்றையும் குடலையும் ஆரம்பத்திலேயே சோதிப்பது அவசியம். வெறுங்காலோடு ஈரமண்ணில் நடப்பவர்களுக்கு, குடலில் இரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழு காரணமாகலாம். மலேசியாவில், ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் கோளாறான தலசீமியாவின் மரபணு உள்ளவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுடைய சிவப்பணுக்களும் இரும்புக் குறைவில் போலவே சிறியதாகத் தெரியும், ஆனால் இரும்புச் சேமிப்பு போதிய அளவில் இருக்கக்கூடும். அப்படிச் சேமிப்பு போதிய அளவில் இருப்பவர்களுக்கு மாத்திரையால் பயனில்லை, தேவையில்லாமல் நெடுநாள் சாப்பிட்டால் இரும்பு உடலில் மிஞ்சும். அதனால் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.