ஈரம் காய்வதற்குள் வரைந்தாக வேண்டும்

அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம் ஆட்டிப்படைத்த 1933 டிசம்பரில், வேலையில்லாமல் கிடந்த ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் அரசே வாரச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது. பொதுக் கலைப்பணித் திட்டம் என்று பெயர். ஓடியது ஆறேழு மாதம்தான், ஆனாலும் சுமார் 3,700 பேருக்கு வேலை கிடைத்தது. அதில் பெரிய வேலை சான் பிரான்சிஸ்கோவின் கோய்ட் கோபுரம். இருபத்தைந்து ஓவியர்களுக்கு மேல் சேர்ந்து உட்சுவர்களை நிரப்பினார்கள்.

பெரும்பாலானவை ஃப்ரெஸ்கோ, அதாவது ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் வரைவது. இதில் பசையே கிடையாது. நிறப்பொடியைத் தண்ணீரில் குழைத்து அப்படியே தீட்டுவார்கள். அப்புறம் எப்படி ஒட்டுகிறது? நீற்றிய சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. சுவர் காயும்போது அது நீரோடு மேற்பரப்புக்கு வந்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு வினைபுரிந்து கால்சியம் கார்பனேட்டாக, அதாவது கிளிஞ்சலிலும் பளிங்கிலும் இருக்கும் அதே பொருளாக இறுகிவிடுகிறது. நிறத்துகள்கள் அந்தப் படிகங்களுக்குள் சிக்கிக்கொள்கின்றன. ஆக, நிறம் சுவர்மேல் இல்லை, சுவராகவே ஆகிவிட்டது.

வசதிதான், ஆனால் கெடுபிடியும் அதிகம். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காத நிறங்கள் வெளுத்துவிடும். காவி, மஞ்சள் காவி மாதிரி மண் நிறங்கள்தான் நம்பகமானவை. பூச்சு சில மணி நேரம்தான் நிறத்தை வாங்கும் என்பதால், அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அந்த அளவுக்கு மட்டும் கொத்தனார் காலையில் பூசித் தருவார், முந்தைய நாள் பூச்சின் விளிம்போடு சேர்த்து. ஒரு முகம் கோணலாகிவிட்டால் மேலே தீட்டி மறைக்க முடியாது, கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டியதுதான்.

என் கணக்கில், நிவாரணத் திட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான கலை அமையாது. சுண்ணாம்பும் மணலும் மலிவு, கைவேலைதான் அதிகம். பணம் நேராகக் கூலிக்குப் போய்விடும்.

ஆனால் சுவரோடு ஒன்றிவிட்ட படம் பிடிக்கவில்லையென்றால் கழற்றிவைக்க முடியாதே! 1934-இல் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் நகரமே கொதித்துக்கொண்டிருந்தபோது, கிளிஃபோர்ட் வைட் வரைந்த அரிவாள் சுத்தியலைப் பார்த்து அதிகாரிகள் பதறினார்கள். திறப்பு அக்டோபருக்குத் தள்ளிப்போனது, அந்தச் சின்னமும் நீக்கப்பட்டது. பெர்னார்ட் ஸாக்ஹைம் வரைந்த நூலகக் காட்சியில், ஒரு கையில் செய்தித்தாளைக் கசக்கிக்கொண்டு மறு கையால் மார்க்ஸின் மூலதனத்தை எட்டி எடுக்கும் ஆள் மட்டும் எப்படியோ தப்பிவிட்டார்.