மழைக் கணக்கை வைத்து டேப்லோ பழகலாம்

டேட்டாவைப் படமாக்கும் டேப்லோ (Tableau) என்ற மென்பொருளைக் கற்றுத்தரும் செய்முறைக் கையேடுகளில் பெரும்பாலும் ஒரு அமெரிக்கக் கடையின் விற்பனைக் கணக்குதான் முதல் பயிற்சியாக இருக்கும். இதை இங்கே இழு, அதை அங்கே போடு என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டே போகும், நாமும் செய்வோம், அழகான பார் சார்ட் வந்துவிடும். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு நம்ம ஊர் டேட்டாவைத் திறந்தால் கை ஓடாது. இழுத்துப் போட்டதும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் கையசைவை மட்டும் பழகியதுதான் காரணம்.

அதனால் ஒவ்வொரு பயிற்சியையும் கன்னியாகுமரி மாவட்ட மழைக் கணக்கை வைத்து இன்னொரு தடவை செய்து பாருங்கள். மழைக்காலத்தில் நாளிதழில் வரும் அந்தப் பட்டியல்தான்: மயிலாடி, கன்னிமார், பாலமோர், சுருளகோடு, தக்கலை, குழித்துறை, கோழிப்போர்விளை என ஒவ்வொரு இடத்திலும் எத்தனை மில்லிமீட்டர், கூடவே பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளில் எத்தனை அடி தண்ணீர். எந்த மாதம் எங்கே கொட்டும் என்று நமக்கே தெரியும் என்பதால், சார்ட் தப்பாக வந்தால் பார்த்ததும் பிடிபட்டுவிடும். அமெரிக்கக் கடையில் அது நடக்காது.

முதல் வேலை எக்செல்லில். தேதி ஒரு நெடுவரிசை, பிறகு ஊருக்கு ஒரு நெடுவரிசை என்று அகலமாக எழுதத்தான் நமக்குத் தோன்றும். படிக்க அது வசதி, மென்பொருளுக்கு இடைஞ்சல். தேதி, ஊர், மழை என்று மூன்றே நெடுவரிசை வைத்து, ஒரு ஊரின் ஒரு நாள் மழைக்கு ஒரு வரி என்று கீழ்நோக்கி நீட்டுங்கள். அகலமாக எழுதியிருந்தாலும் டேப்லோவில் இருக்கும் 'பிவட்' என்ற கட்டளை இதை நொடியில் செய்துவிடும். ஊர்ப்பெயரை ஒரே எழுத்தில் எழுதுங்கள், குழித்துறையும் குளித்துறையும் மென்பொருளுக்கு இரண்டு ஊர்.

இனி உள்ளே நடப்பதைப் பார்ப்போம். டேப்லோ ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த போலாரிஸ் என்ற ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது, நிறுவனமாகத் தொடங்கியது 2003-இல். அந்த ஆராய்ச்சியின் மையக் கருத்து இதுதான்: நீங்கள் ஒரு நெடுவரிசையை இழுத்துப் போடும்போது மென்பொருள் உடனே படம் வரைவதில்லை, முதலில் அந்த அசைவை டேட்டாவிடம் கேட்கும் ஒரு கேள்வியாக மாற்றுகிறது, பதில் வந்த பிறகே வரைகிறது. தோவாளைச் சந்தையில் கலந்து கிடக்கும் பூவை வகைவாரியாகக் குவித்து ஒவ்வொரு குவியலையும் எடை போடுவது போன்ற வேலை அது. எதை வைத்துக் குவிப்பது என்பது டைமென்ஷன், எதை எடை போடுவது என்பது மெஷர். ஊரை வரிசையிலும் மழையை நெடுவரிசையிலும் போட்டால், ஊர்வாரியாகப் பிரித்து மழையைக் கூட்டிக் கொடு என்று கேட்டதாக அர்த்தம்.

நான் அதிகம் அழுத்திச் சொல்ல விரும்புவது அந்தக் 'கூட்டி' என்ற சொல்லைத்தான். மெஷரை இழுத்ததும் மென்பொருள் கேட்காமலே கூட்டல் போட்டுவிடும். ஒரே ஊரின் தினசரி மழையைக் கூட்டலாம், மாத மழை கிடைக்கும். மாவட்டம் முழுவதற்குமான மழை வேண்டுமென்றால் எல்லா ஊரையும் கூட்டினால் தப்பு, மழைமானி அதிகமாக இருந்தாலே மழையும் அதிகம் என்று காட்டும். அங்கே சராசரிதான் சரி. அணை நீர்மட்டத்தை எடுத்தால் கூட்டலே அபத்தம்: திங்கள் 40 அடி, செவ்வாய் 41 அடி என்றால் 81 அடி என்று ஒரு பார் நிற்கும், பேச்சிப்பாறையின் முழு உயரமே 48 அடிதான். எண்ணாக இருப்பதெல்லாம் கூட்டக்கூடியது என்று மென்பொருள் நினைக்கிறது. உங்கள் டேட்டாவில் பின்கோடு இருந்தால் அதையும் கூட்டிவிடும் ஆபத்து உண்டு.

சரி, சதவீதமாக்கிவிடலாமே? பெருஞ்சாணி 77 அடி, பேச்சிப்பாறை 48 அடி, அடியை வைத்து ஒப்பிட முடியாது என்பதால் அது நல்ல யோசனைதான். ஆனால் அணை மேலே போகப் போக விரியும், பாதி உயரத்தில் பாதித் தண்ணீர் இருக்காது, ஆகவே உயரத்தை விட்டுவிட்டுக் கொள்ளளவில் கணக்கிட வேண்டும். அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. சிறிய அணையான சிற்றாறு நிரம்பி 100 சதவீதம், பெரிய பேச்சிப்பாறை 50 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சதவீதங்களின் சராசரியைக் கேட்டால் 75 வரும். இருக்கும் தண்ணீரையெல்லாம் கூட்டி மொத்தக் கொள்ளளவால் வகுத்தால் 50-ஐ ஒட்டிய எண் வரும், உண்மை அதுதான். ஒவ்வொரு வரியிலும் வகுத்துவிட்டுச் சராசரி எடுப்பதும், கூட்டிவிட்டு வகுப்பதும் வேறு வேறு கணக்கு. புத்தகங்களில் இது பின்பாதியில் எங்கோ வரும், முதல் வாரமே படிக்க வேண்டிய பகுதி.

தேதியிலும் இரண்டு வழி உண்டு. மாதத்தைத் தனித்தனிப் பெட்டிகளாக வைத்தால் (டேப்லோ இதை நீல நிறத்தில் காட்டும்) எல்லா ஆண்டுகளின் ஜூனும் ஒன்றாகச் சேரும். தொடர்ச்சியாக வைத்தால் (இது பச்சை நிறம்) ஒவ்வொரு ஆண்டின் ஜூனும் காலக்கோட்டில் தனியாக நிற்கும். மாவட்டத்தின் மழைக் குணம் பார்க்க முதல் வழி நல்லது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கே பெய்வதால் கோடு இரண்டு மேடாக எழும். பக்கத்தில் சென்னையைப் போட்டால் அங்கே ஆண்டுக் கடைசியில்தான் பெரிய மேடு.

எந்த சார்ட் என்று கேட்டால் என் பதில் எளிது, ஒப்பிடுவதற்கு பார். கிளீவ்லேண்ட், மெக்கில் என்ற புள்ளியியல் ஆய்வாளர்கள் இருவரும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவான அளவுகோலில் இருக்கும் இடத்தைத்தான் கண் மிகத் துல்லியமாகப் படிக்கிறது, கோணமும் பரப்பும் நிறமும் அதற்குப் பின்னால்தான் என்று காட்டினார்கள். வட்டத்தைத் துண்டுகளாக்கிக் காட்டும் பை சார்ட் எனக்குப் பிடிக்காததற்கு இதுவே காரணம். பார் நீளத்தால் பேசுவது, அதனால் அதன் அச்சு பூஜ்ஜியத்தில்தான் தொடங்க வேண்டும்.

கடைசியாக வரைபடம். நாட்டையும் மாநிலத்தையும் மென்பொருள் தானே கண்டுகொள்ளும், பாலமோர் போன்ற இடங்களுக்கு அட்சரேகை, தீர்க்கரேகையை நீங்கள்தான் இரண்டு நெடுவரிசையாகத் தர வேண்டும். நாகர்கோவில் வடக்கே 8.18, கிழக்கே 77.41 பாகை அளவில் இருக்கிறது. இரண்டையும் மாற்றிப் போட்டால் புள்ளி ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே பனிக்கடலில் போய் விழும். புள்ளிகள் சரியாக உட்கார்ந்ததும் மழையை நிறமாகக் கொடுங்கள், கடலோரத்துக்கும் மலையோரத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியத் தொடங்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மழைமானியும் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று இன்னொரு நெடுவரிசை சேர்த்து, உயரம் ஒரு அச்சு, ஜூன் மழை இன்னொரு அச்சு என்று, மழைமானிக்கு ஒரு புள்ளியாக, ஸ்காட்டர் பிளாட் போட்டுப் பாருங்கள், அடுத்து அதே படத்தை நவம்பருக்கும்.