அதே 600 உயிர்கள்

‘கெட்ட எண்ணமே இல்லாதவர்கூட நியாயம் சார்ந்த முடிவுகளில் சறுக்குவது ஏன்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பேராசை, பயம், வேண்டியவர் வேண்டாதவர் என்ற பாகுபாடு எல்லாம் தெரிந்த கதைதான். சுயலாபம் துளியும் இல்லாதபோதும் மனம் சறுக்கும் ஓரிடம் உண்டு. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1981-இல் ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமேன் என்ற இரு உளவியலாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு நோய் பரவப்போகிறது, சும்மா விட்டால் 600 பேர் இறப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் திட்டத்தில் 200 பேர் நிச்சயம் பிழைப்பார்கள். இரண்டாவது திட்டம் சூதாட்டம்: 600 பேரும் பிழைக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு, ஒருவர்கூடப் பிழைக்காமல் போக மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. 72 சதவீதம் பேர் முதல் திட்டமே போதும் என்றார்கள். இன்னொரு குழுவிடம் இதே திட்டங்களைச் சாவுக் கணக்கில் சொன்னார்கள்: முதலாவதில் 400 பேர் நிச்சயம் இறப்பார்கள். இப்போது 78 சதவீதம் பேர் சூதாட்டத்தின் பக்கம் போய்விட்டார்கள்! கூட்டிக் கழித்துப் பாருங்கள், ஓர் உயிர்கூட இடம் மாறவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதுதான் அழகு. மனம் எண்ணிக்கைக்கு ஈடாக உணர்வதில்லை. முதல் 200 பேர் பிழைத்தால் வரும் நிம்மதி பெரிது. அடுத்த 200 பேருக்கு அவ்வளவு வராது. அதற்கடுத்த 200 பேருக்கு இன்னும் குறைவு. ஆக, 600 பேர் பிழைக்கும் மகிழ்ச்சி, 200 பேர் பிழைக்கும் மகிழ்ச்சியைப் போல மூன்று மடங்கு ஆவதில்லை. அதில் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றால் இன்னும் மலிவாகத் தெரியும். கையில் இருப்பதே மேல் என்று தோன்றுகிறது. சாவுக்கும் இதே தேய்மானம்தான். 400 சாவுகளே மனத்தை நிரப்பிவிடுகின்றன. 600 என்றால் துயரம் ஒன்றரை மடங்காவதில்லை. அப்புறம் என்ன, துணிந்து பார்த்துவிடலாம் என்கிறது மனம். தேய்மானம் ஒன்றே, எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதைக் கேள்வியின் வாக்கியம் முடிவு செய்துவிடுகிறது.

உளவியலில் பல பழைய முடிவுகள் மறுசோதனையில் கவிழ்ந்திருக்கின்றன. இது கவிழவில்லை. 2014-இல் வெளியான பெரிய மறுசோதனை ஒன்றில் 6,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தபோதும் விளைவு தென்பட்டது, முதலில் கண்ட அளவைவிடக் குறைவாக. என்னைக் கேட்டால், புதிய கண்டுபிடிப்புக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சத்தை இந்த மாதிரிச் சலிப்பூட்டும் வேலைக்கும் ஒதுக்க வேண்டும்.

படித்தவர்களுக்கு இது நேராது என்று நினைக்க வேண்டாம். நுரையீரல் புற்றுக்கு அறுவையா கதிர்வீச்சா என்று கேட்ட 1982 ஆய்வில், பிழைப்போர் கணக்குக்குப் பதில் இறப்போர் கணக்கைக் காட்டியதும் அறுவையைத் தேர்ந்த மருத்துவர்களின் எண்ணிக்கையும் குறைந்தது.

இந்தச் சூத்திரம் எனக்கு அத்துபடி. ஆனாலும் 200 பேர் பிழைப்பார்கள் என்று படித்ததும் மனம் முதல் திட்டத்தின் பக்கம்தான் சாய்கிறது. சாவுக் கணக்கைப் படித்ததும் வெட்கமில்லாமல் கட்சி மாறிவிடுகிறது.