பென்டோனைட்: தூள், களிக்குழம்பு, உறைகளி

சென்னையில் பைல் (கட்டடத்தைத் தாங்க நிலத்துக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) போடும் இடத்திலும் மெட்ரோ நிலையத்துக்குச் சுவர் இறக்கும் இடத்திலும் ‘பென்டோனைட்’ என்ற ஒரே சொல் மூன்று பொருள்களுக்குப் புழங்குகிறது. 50 கிலோ மூட்டையில் வந்து இறங்கும் தூளும் பென்டோனைட்தான். அதைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் ஓட்டிக்கொண்டிருக்கும் குழம்பும் அதுதான். பம்பை நிறுத்தியபின் குழாய்க்குள் கெட்டிப்பட்டு அசைய மறுப்பதும் அதுவேதான். மேஸ்திரிக்கு இதில் குழப்பம் இல்லை, கண்ணால் பார்த்துக்கொள்கிறார். எழுத்தில்தான் சிக்கல். ‘பென்டோனைட் அளவு குறைந்துவிட்டது’ என்று அறிக்கையில் எழுதினால், குறைந்தது தூளின் விகிதமா, குழிக்குள் குழம்பின் மட்டமா? முதலாவதற்கு ஒரு மூட்டை கூடப் போட்டால் தீர்ந்தது. இரண்டாவதென்றால், குழியின் பக்கத்தைத் தாங்குவது அந்தக் குழம்புதான் என்பதால், பக்கம் சரியப்போகிறது என்று பொருள்.

பெயரின் வரலாறு குட்டியானது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ராக் ரிவர் என்ற ஊருக்கு அருகே, 1888 வாக்கில் வில்லியம் டெய்லர் என்பவர் இந்த மண்ணை வெட்டி விற்கத் தொடங்கினார். அதனால் வில்பர் நைட் என்ற நிலவியலாளர் முதலில் இதை ‘டெய்லரைட்’ என்றார். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு கனிமத்துக்கு இருந்ததால் 1898இல் ‘பென்டோனைட்’ என மாற்றினார். மண் கிடைத்த பாறையடுக்கின் பெயர் பென்டன். அந்த அடுக்குக்குப் பெயர் வந்தது மொன்டானாவின் பென்டன் கோட்டையிலிருந்து. கோட்டைக்கு வந்தது தாமஸ் ஹார்ட் பென்டன் என்ற செனட்டரிடமிருந்து. ஆக, ஒரு அரசியல்வாதியின் பெயர் நம் ஊர் சேற்றுத் தொட்டி வரை வந்து சேர்ந்திருக்கிறது. இதில் முக்கியமான கனிமமான மான்ட்மோரிலோனைட்டும் ஊர்ப்பெயர்தான். பிரான்சின் மான்ட்மோரில்லான், 1847. ஊர்ப்பெயரை மொழிபெயர்க்க முடியாது. எனவே தூளுக்குப் பென்டோனைட் என்பதே சரி. ‘வீங்குமண்’ என்று ஆக்கிப் பார்த்தால் கரிசலும் வீங்கும் மண்தானே என்ற கேள்வி வரும்.

எரிமலைச் சாம்பல் நீரில் படிந்து, நெடுங்காலத்தில் உருமாறிக் களிமண் ஆனதே பென்டோனைட். இந்தியாவில் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் ராஜஸ்தானின் பார்மர் பகுதியிலும் தோண்டுகிறார்கள். சென்னைக்கு வரும் மூட்டையில் பெரும்பாலும் கட்ச் சரக்குதான். ஒரு துகள் என்பது சுமார் ஒரு நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகளின் அடுக்கு. தகட்டின் முகம் எதிர்மின் சுமை கொண்டது. அதைச் சமன்செய்ய இடையிடையே சோடியம் அல்லது கால்சியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். சோடியம் இருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து தகடுகளை முழுக்கப் பிரித்துவிடும். கால்சியம் இருந்தால் தகடுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், வீக்கம் மட்டுப்படும். சோடியம் பென்டோனைட்டுக்கும் கால்சியம் பென்டோனைட்டுக்கும் விலை வேறுபடுவதன் காரணம் இதுதான். சோடா உப்பு (சோடியம் கார்பனேட்) கலந்து கால்சியம் சரக்கை மாற்றி விற்பதும் உண்டு. அது ஏமாற்று அல்ல, தொழில்முறைதான். ஆனால் மாற்றம் அரைகுறையாக இருந்தால் தொட்டியில் குட்டு உடையும்.

தகடுகள் பிரிந்து, கலக்கும் வரை தண்ணீரில் மிதந்து ஓடும். கலக்கலை நிறுத்தினால் தகட்டின் விளிம்பு இன்னொரு தகட்டின் முகத்தில் ஒட்டி, குழம்பு முழுக்க ஒரு சட்டகம் எழும்பிவிடும். மறுபடி கலக்கினால் சட்டகம் உடையும், குழம்பு ஓடும். நிறுத்தினால் மீண்டும் கட்டும். எத்தனை முறையானாலும் இப்படியே. 1920களில் இதற்கு ‘திக்ஸோட்ரோபி’ என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் ‘திக்ஸிஸ்’ தொடுதல், ‘ட்ரோபோஸ்’ திரும்புதல்.

குழம்பு இப்படி நின்று கெட்டிப்பட்ட நிலையை ஆங்கிலத்தில் ‘ஜெல்’ என்பார்கள். அந்தச் சொல் ஜெலட்டினின் சுருக்கம். ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் 1860களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அடியில் இருப்பது ‘உறைதல்’ என்ற பொருளுள்ள லத்தீன் வினை. தமிழில் இதைக் களிமம், கூழ்க்களி என்றெல்லாம் எழுதுகிறார்கள். வெறும் ‘களி’ என்பாரும் உண்டு. களி நல்ல சொல்தான். களிமண்ணிலும் அது இருக்கிறது, திருவாதிரைக் களியிலும் இருக்கிறது. ஆனால் அடுப்படிக் களியோடு ஒப்பிட்டால் பொருத்தம் பாதியில் நின்றுவிடும்: இறுகிய களியைக் கிளறி உடைத்தால் அது பழையபடி ஒட்டி இறுகாது, பென்டோனைட் இறுகும். நின்றதும் நிலைகொள்ளும் அந்தக் குணத்தைச் சொல்ல ‘உறை’ என்ற வேர் வேண்டும். தமிழில் பனியும் உறைகிறது, பாலும் உறைகிறது. திரவம் நிலைகொள்வது எதுவானாலும் அந்த ஒரே வினை. எங்கள் தேர்வு: ஓடும் நிலைக்குக் களிக்குழம்பு, நின்ற நிலைக்கு உறைகளி, திக்ஸோட்ரோபிக்கு உறைந்திளகல். ‘சேறு’ மட்டும் வேண்டாம். சேற்றைக் கலக்காமல் விட்டால் மண் அடியில் தங்கும், தண்ணீர் மேலே தெளியும். நல்ல களிக்குழம்பு ஒரு நாள் நின்றாலும் மேலே தெளிநீர் காட்டாது. காட்டினால் சரக்கோ தண்ணீரோ கெட்டது.

இந்தப் பொருளுக்குத் தமிழில் சொல் இல்லையே தவிர, வேலை புதிதல்ல. நாற்று நடுமுன் வயலில் தண்ணீர் கட்டித் தொளி கலக்குவது களைக்காக மட்டுமா? கலங்கிய களித்துகள் அடிமண்ணின் துளைகளில் போய் அடைத்துக்கொள்ளும், கட்டிய தண்ணீர் கீழே இறங்காது. நிலத்துக்குள் இறங்கும் நீரைக் களியால் மறிப்பதன் பழைய வடிவம் அது.

நகரத்துக்கு வருவோம். கூவமும் அடையாறும் கொண்டுவந்து கொட்டிய மணலும் வண்டலும் மேலே, கடினமான சார்னோகைட் பாறை கீழே. சென்னையின் நிலம் பெரும்பாலும் இப்படி. மயிலாப்பூர், சாந்தோம் பக்கம் மணலில் சில மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர். அங்கே குழி தோண்டினால் தண்ணீர் மணலோடு உள்ளே பாயும். களிக்குழம்பை நிரப்பி வைத்தால் பாயாது, ஏனென்றால் உள்ளிருக்கும் அழுத்தம் வெளியிலிருக்கும் நீரழுத்தத்தைவிட அதிகம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 மீட்டர் ஆழக் குழி, குழம்பு தரைமட்டம் வரை நிற்கிறது, அடர்த்தி தண்ணீரைப் போல் 1.05 மடங்கு. அடியில் குழம்பின் அழுத்தம் சுமார் 206 கிலோபாஸ்கல். நிலத்தடி நீர் தரையிலிருந்து 2 மீட்டர் கீழே என்றால் அங்கே நீரழுத்தம் சுமார் 177. மிச்சம் 29. ஐப்பசி மழையில் நீர்மட்டம் தரையைத் தொட்டால் வெளியழுத்தம் 196 ஆகும், மிச்சம் 10தான். அந்த நேரத்தில் யாராவது குழம்பை 1 மீட்டர் இறங்கவிட்டால் மிச்சம் பூஜ்யம். மேல்மண்ணில் அது இன்னும் மோசம். அதனால்தான் குழம்பின் மட்டம் எப்போதும் நிலத்தடி நீரைவிட 1 முதல் 1.5 மீட்டர் மேலே நிற்கவேண்டும் என்கிறார்கள். மழைக்காலத்தில் குழியின் வாயோரம் கட்டும் வழிகாட்டிச் சுவரைத் தரைக்கு மேல் உயர்த்திக் கட்டுவதும் இதற்காகத்தான்.

அழுத்தம் மட்டும் போதாது. அது மண்ணில் படவேண்டுமானால் தண்ணீர் மண்ணுக்குள் ஓடிப்போகாமல் தடுக்க ஒரு தோல் வேண்டும். குழம்பின் தண்ணீர் மணலுக்குள் கசியும்போது களித்தகடுகள் சுவரில் வடிந்து தங்கி, ஓரிரு மில்லிமீட்டர் தடிமனில் வழுவழுப்பான படலம் ஆகின்றன. ‘ஃபில்டர் கேக்’ என்பதற்குக் களித்தோல் பொருந்தும். தோல் மெல்லியதாகவும் இறுக்கமாகவும் இருக்கவேண்டும். குழியை நாள்கணக்கில் திறந்து போட்டால் தோல் தடித்து, பைலுக்கும் மண்ணுக்கும் நடுவே வழுக்கும் படலமாக நின்றுவிடும். உராய்வை நம்பி நிற்கும் பைலின் தாங்குதிறன் குறையும். கூழாங்கல் அடுக்கு வந்தால் நேரெதிர்ச் சிக்கல். துளைகள் பெரிது என்பதால் தோல் கட்டுவதற்குள் குழம்பே உள்ளே ஓடிவிடும். குழம்பைக் கெட்டியாக்கிப் பார்க்கவேண்டும், இல்லையென்றால் மரத்தூள் போன்ற அடைப்பான் போடவேண்டும்.

கலக்கும் முறைக்கு வருவோம். 1000 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ. இது சுமார் 5 விழுக்காடு, அடர்த்தி 1.03 வரும். தூளை மொத்தமாகக் கொட்டினால் வெளிப்பக்கம் நனைந்து உள்ளே காய்ந்த உருண்டைகள் நிற்கும். அவை எத்தனை மணி நேரம் சுற்றினாலும் கரையாது. வேகச் சுழற்சி மிக்ஸரில் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். பிறகு 12 முதல் 24 மணி நேரம் ஊறவேண்டும். அவசரத்தில் கலக்கி உடனே குழிக்குள் விடுவதே நிறைய இடங்களில் நடக்கும் தவறு. ஊறாத குழம்பு குழிக்குள் போய் ஊறும், அதற்குள் மணல் சரிந்திருக்கும்.

தண்ணீர்தான் சென்னையின் தனிப்பிரச்சினை. கடலோரப் போர் (ஆழ்துளைக் கிணற்று) தண்ணீரில் உப்பும் கால்சியமும் அதிகம். அதில் நேராகத் தூளைப் போட்டால் தகடுகள் பிரியாமலே திரண்டு படியும். நல்ல தண்ணீரில் முதலில் ஊறவைத்துக் கெட்டியான குழம்பாக எடுத்துக்கொள்வது சிறந்தது, அதற்கு லாரித் தண்ணீர் வாங்கவேண்டும். வெறும் கடினநீர்தான், உப்பு அவ்வளவாக இல்லை என்றால் சோடா உப்பைத் தண்ணீரில் முதலில் கரைத்துக் கால்சியத்தைப் படியவைத்து, பிறகு தூளைப் போடலாம். வரிசையை மாற்றினால் பயன் பாதி கூடக் கிடைக்காது.

மூட்டையைச் சோதிக்க எளிய வழி: 100 மில்லி காய்ச்சி வடித்த நீர் உள்ள அளவுகுழாயில் 2 கிராம் தூளைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி ஒரு நாள் விடுங்கள். நல்ல சோடியம் சரக்கு 24 மில்லியோ மேலோ வீங்கி நிற்கும். குழம்பைச் சோதிக்க மார்ஷ் புனல். அதில் 1500 மில்லி ஊற்றி, 946 மில்லி வெளியேற எத்தனை நொடி என்று பார்க்கவேண்டும். சுத்தத் தண்ணீருக்கு 26 நொடி. பைல் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2911 புதுக்குழம்புக்கு 30 முதல் 60 நொடியும், 1.03 முதல் 1.10 அடர்த்தியும், 9 முதல் 11.5 காரநிலையும் (pH) கேட்கிறது. காரநிலை 12ஐ நெருங்கினால் சிமென்ட் கலந்துவிட்டது என்று அர்த்தம். சிமென்டின் கால்சியம் குழம்பைத் தயிர் போலத் திரட்டும், அதைத் திருப்பி எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. இந்தப் புனல் ஓடும் குழம்பைத்தான் அளக்கிறது என்பதை மறக்கவேண்டாம். உறைகளியின் பலத்தைத் தனியாக, 10 நொடி நிறுத்தியும் 10 நிமிடம் நிறுத்தியும் விஸ்கோமீட்டர் என்ற பாகுத்தன்மை அளவியில் பார்க்கவேண்டும். எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்கள் இதைத் தவறாமல் பார்ப்பார்கள், ஏனென்றால் துரப்பணம் நின்ற நேரத்தில் கல்தூளை அந்தரத்தில் பிடித்து வைப்பது உறைகளிதான். கட்டுமான இடங்களில் பெரும்பாலும் புனலோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கான்கிரீட் போடும் நேரத்தில் இதே பலம் எதிரியாகும். கான்கிரீட்டைக் குழியின் அடிவரை இறக்கும் டிரெமி குழாய் வழியே அடியிலிருந்து ஏறும் கான்கிரீட் களிக்குழம்பை மேலே தள்ளவேண்டும். குழம்பு மணல் சுமந்து கனத்திருந்தாலோ, நின்று உறைந்திருந்தாலோ தள்ளுப்படாமல் கம்பிக்கூண்டின் மூலைகளில் சிக்கிக்கொள்ளும். சுவரை வெளியே தோண்டும்போது அந்த இடங்களில் பொந்துகள் தெரியும், அதன் வழியே தண்ணீர் ஒழுகும். அதனால் கம்பி இறக்கியபின் ஒருமுறை அடியிலிருந்து குழம்பை உறிஞ்சி, மணல் பிரிப்பானில் சலித்து, புதுக்குழம்பு மாற்றிய பிறகே கான்கிரீட். குழாயின் நுனி கான்கிரீட்டுக்குள் 2 மீட்டராவது புதைந்திருக்கவேண்டும்.

குழியில் நிலையாக நிற்கும் குழம்பு ஒரு கதை, மெட்ரோ சுரங்கம் குடையும் இயந்திரத்தின் முகத்தில் அழுத்தி ஏற்றும் குழம்பு இன்னொரு கதை. நகரில் மூடாமல் கைவிட்ட பழைய போர்கள் ஏராளம். சுரங்கம் அடியில் போகும்போது அழுத்தத்திலுள்ள குழம்பு எளிய வழியைத் தேடும், அந்தப் போர் வழியே வீட்டு முற்றத்தில் வந்து நிற்கும். பாதை நெடுக பழைய போர்களைக் கணக்கெடுத்து, சிமென்டும் பென்டோனைட்டும் கலந்து அடியிலிருந்து மேல் வரை அடைத்துக்கொண்டு வருவதுதான் இதற்கு மருந்து.

அதே கலவை வீட்டுப் போருக்கும் உதவும். போரில் இறக்கிய கேசிங் குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியே மேலிருந்து கழிவுநீர் இறங்குவதை மேல் சில மீட்டரில் பென்டோனைட் உருண்டைகளைப் போட்டு நனைத்து வீங்கவிட்டு மறிக்கலாம். குப்பைமேட்டின் அடியில் விரிக்கும் களிப்பாய், அணையின் கீழ் இறக்கும் மறிசுவர் எல்லாம் இந்தக் குடும்பமே. நல்ல மண்–பென்டோனைட் மறிசுவரின் கசிவுத்திறன் விநாடிக்கு 10⁻⁹ மீட்டர் அளவுக்கு இறங்கும். சுவரின் தடிமனும் இரு பக்க நீர்மட்ட வேறுபாடும் சமமாக இருக்கும்போது ஆண்டுக்கு 3 சென்டிமீட்டர்.

வேலை முடிந்த குழம்பை மழைநீர் வடிகாலில் திறந்துவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வடிகாலில் ஓட்டம் நின்றவுடன் அது உறைகளியாகி, மேலே சாக்கடை மண்ணைப் பிடித்துக்கொண்டு அடைக்கும். அடுத்த மழையில் தண்ணீர் சாலையில் நிற்கும். செய்யவேண்டியது வேறு: சிமென்டில் கெடுதல் செய்த அதே கால்சியத்தை இங்கே வேண்டுமென்றே, சுண்ணாம்பாகச் சேர்த்துக் குழம்பைத் திரளவைத்து, வடிநீரைப் பிரித்து, பிழிந்த கட்டியை அனுமதிபெற்ற இடத்துக்கு டிப்பரில் ஏற்றி அனுப்பவேண்டும். செலவு கூடுதல்தான், அதை டெண்டரிலேயே தனி வரியாகக் கேட்டு வாங்குவது நல்லது.